ஓடும் கோளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

2019ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், உலக நேரப்படி அதிகாலை இரண்டரை மணிக்கு, அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளத்திலிருந்து ஒரு ராக்கெட் புறப்பட்டது. அதன் தலைப்பகுதியில், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, 60 செயற்கைக் கோள்கள் இருந்தன. ‘ஸ்டார்லிங்க்’ என்பது அவற்றின் பெயர். கம்பியும் கண்ணாடி இழையும் போய்ச் சேராத மலை, தீவு, கடல் ஆகிய இடங்களுக்கும் பிராட்பேண்ட் இணையத் தொடர்பைத் தருவதற்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அவற்றை உருவாக்கியது.

அன்று இரவே நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் மார்க்கோ லாங்புரூக் என்பவர் காமிராவுடன் காத்திருந்தார். அந்தக் கோள்களின் சுற்றுப்பாதை விவரங்கள் அப்போது வெளியாகியிருக்கவில்லை. ஆனால் இரண்டு செய்திகள் அவருக்குத் தெரிந்திருந்தன. பாதையின் சாய்வு 53 பாகை. தொடக்க உயரம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். இவற்றைக் கொண்டு, கோள்கள் வானத்தில் எப்போது, எந்த வழியாக வரும் என்று அவர் தாமே கணக்கிட்டிருந்தார். நள்ளிரவு தாண்டியதும் ஒளிப் புள்ளிகளின் வரிசையொன்று ரயில் வண்டியைப்போல் வானத்தைக் கடந்து சென்றது. அவர் கணக்கிட்ட பாதையை ஒட்டியே அது சென்றது. வேறுபாடு ஒன்றுதான். வண்டி ஏறத்தாழ மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது!

ஏவப்பட்டு ஒரு நாள்கூட ஆகாத கோள்களை, இரண்டே எண்களை வைத்துக்கொண்டு எப்படிப் பிடிக்க முடிந்தது? அந்த மூன்று நிமிடப் பிழை எங்கிருந்து வந்தது? இவ்வகைப் பிழைகளால் ஏதேனும் தீங்கு உண்டா? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கோளின் காலக்கணக்கு

செயற்கைக் கோள் தன் விருப்பம்போல் விரைந்தோ மெதுவாகவோ செல்ல முடியாது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அதன் வேகத்தை முடிவு செய்துவிடுகிறது. கெப்ளர் கண்ட மூன்றாவது விதியை உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சுற்றுக் காலத்தின் வர்க்கம், பாதையின் ஆரத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. கிரகங்களுக்குப் பொருந்தும் இவ்விதி செயற்கைக் கோள்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலைக்காட்சி ஒளிபரப்புக்குப் பயன்படும் புவிநிலைக் கோள்கள் பூமியின் மையத்திலிருந்து 42,164 கி.மீ. தொலைவில் உள்ளன. அவை ஒரு சுற்றுக்கு 1,436 நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. ஆகையால் அவை வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றுகின்றன. முதல் ஸ்டார்லிங்க் கூட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட உயரம் 550 கி.மீ. பூமியின் ஆரமான 6,378 கி.மீட்டரை இதனுடன் கூட்டினால் பாதையின் ஆரம் 6,928 கி.மீ. ஆகும்.

6,928-ஐ 42,164-ஆல் வகுத்தால் 0.1643 வரும். அதன் கனம் 0.00444. இதன் வர்க்கமூலம் 0.0666. இதை 1,436 நிமிடத்தால் பெருக்கினால் கிடைப்பது 95.6 நிமிடம். அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கோள் உலகை ஒரு முறை வலம் வந்துவிடுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 15 வலம். வேகம் விநாடிக்கு 7.6 கி.மீ.

இனி அந்த மூன்று நிமிடத்துக்கு வருவோம். 440 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 93.4 நிமிடம் ஆகும். உயரம் ஒரு கிலோமீட்டர் குறைந்தால் சுற்றுக் காலம் 1.2 விநாடி குறையும். லைடனில் கோள்கள் தெரிவதற்குள் அவை ஏறத்தாழ 13 சுற்றுகளை முடித்திருந்தன. உயரக் கணக்கில் 11 கி.மீ. பிழை இருந்தாலே போதும். 13 சுற்றுகளில் அது மூன்று நிமிடமாகச் சேர்ந்துவிடும். வானில் மூன்று நிமிடம் என்பது 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்!

ஒவ்வொரு வலத்திலும் வேறு ஊர்

கோள் தன் பாதையில் ஒரு வலம் வந்து முடிப்பதற்குள் அதன் கீழே பூமி கிழக்கு நோக்கி 24 பாகை திரும்பிவிடுகிறது. எனவே அடுத்த வலத்தில் கோள் அதே ஊரின் மேல் வருவதில்லை. நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 2,700 கி.மீ. மேற்கே தள்ளிக் கடக்கும்.

பாதையின் சாய்வு 53 பாகை என்றால், கோள் 53 பாகை வட அட்சத்துக்கும் 53 பாகை தென் அட்சத்துக்கும் இடையிலேயே வடக்கும் தெற்குமாக அலையும். அந்த எல்லையைத் தாண்டி அது நேர் மேலே வராது. சாய்வு என்ற ஓர் எண்ணிலிருந்தே எந்த நாடுகளின் மேல் கோள் செல்லும், எங்கே செல்லாது என்று சொல்லிவிடலாம்.

தொடுவானத்தில் எழுந்து, உச்சி வழியாகச் சென்று, எதிர்த் தொடுவானத்தில் மறைய 550 கி.மீ. உயரக் கோளுக்கு 12 நிமிடமே ஆகும். தொடுவானத்தருகில் மரங்களும் கட்டடங்களும் மறைக்கும் என்று 25 பாகைக்குக் கீழே உள்ள பகுதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது நாலரை நிமிடம்தான்.

அப்படியானால் ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைக் கோளையே இணையத்துக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் அது 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. வானொலி அலை அங்கே போய்த் திரும்பக் கால் விநாடி ஆகிறது. ஒரு வினாவை அனுப்பி விடையைப் பெற அரை விநாடி ஆகிவிடும். நேருக்கு நேர் பேசும்போது இந்தத் தாமதம் இடையூறாக இருக்கும். தாழ்ந்த பாதையில் 1,000 கி.மீ. தொலைவில் உள்ள கோளை அலை எட்டுவதற்கு விநாடியில் 300-இல் ஒரு பங்கே போதும். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் ஓயாத துரத்தல். ஒன்று மறைவதற்குள் மற்றொன்று மேலே வந்தாக வேண்டும். அதனால்தான் இத்தகைய கோள்களை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அனுப்புகிறார்கள். நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் 2022 அக்டோபர் 23, 2023 மார்ச் 26 ஆகிய நாள்களில் எல்.வி.எம்.3 ராக்கெட்டுகள் தலா 36 ‘ஒன்வெப்’ இணையக் கோள்களை ஏற்றிச் சென்றன. அவை 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றுவதற்காக அமைக்கப்பட்டவை.

திரும்பாமலே திரும்பும் தட்டு

உச்சியைக் கடக்கும்போது கோள் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 பாகை நகர்கிறது. கூரைமேல் உள்ள ஆன்டெனா அதைத் தொடர்ந்து நோக்க வேண்டும். மறைந்த உடனே வேறு திசையில் உள்ள அடுத்த கோளுக்குத் தாவவும் வேண்டும். மோட்டார் வைத்துத் தட்டைத் திருப்பினால் தாவும் நேரத்தில் தொடர்பு அறுந்துபோகும். இதற்கு அறிஞர்கள் கண்ட வழி சுவையானது.

பள்ளி அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மாணவர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாக முன்னேறுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்தால் வரிசை நேராகச் செல்லும். வலக்கோடி மாணவன் முதலிலும், அவனுக்கு அடுத்தவன் சற்றுத் தாமதித்தும், அதற்கடுத்தவன் இன்னும் சற்றுத் தாமதித்தும் புறப்பட்டால்? வரிசை சாய்ந்துவிடும். அது நோக்கும் திசையும் மாறிவிடும்.

அலைகளிலும் இதுவே நடக்கிறது. இந்தத் தட்டில் ஒரு பெரிய ஆன்டெனாவுக்குப் பதிலாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றான்டெனாக்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 12 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1,200 கோடி அதிர்வுகள் என்று கொள்வோம். அப்போது அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். சிற்றான்டெனாக்களின் இடைவெளி அதில் பாதி, 1.25 செ.மீ. தட்டின் செங்குத்துத் திசையிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் அலை, ஒரு சிற்றான்டெனாவை அடைந்தபின் அடுத்ததை அடைய 0.625 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். இது அலைநீளத்தில் கால் பங்கு. எனவே ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கால் அலை அளவு தாமதத்தை மின்சுற்றின் மூலம் ஏற்படுத்தினால், அந்தத் திசையிலிருந்து வரும் அலைகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும். மற்றத் திசை அலைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாமதத்தை மாற்றினால் நோக்கும் திசையும் மாறும். தட்டு அசையாது, அதன் பார்வை மட்டும் இமைக்கும் நேரத்தில் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிவிடும்.

குரலைக் கேட்டு இடத்தை அறிதல்

கோள் எங்கே இருக்கிறது என்பதை முதலில் எப்படி அறிகிறார்கள்? கண்ணாலும் காமிராவாலும் காணலாம். 1957-58ஆம் ஆண்டுகளில் இதற்கென உலகில் 12 இடங்களில் பேக்கர்-நன் காமிராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் நாட்டில் நைனிடாலில் இருந்தது. ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியைக் கொண்டு தொலைவை அளக்கலாம். இன்னொரு வழி, கோளின் ‘குரலை’க் கூர்ந்து கேட்பது.

நிலையத்தில் நிற்காமல் செல்லும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது கூர்மையாகவும், கடந்து விலகும்போது தடித்தும் கேட்கும். இது டாப்ளர் விளைவு. வானொலி அலைக்கும் இது உண்டு. தொடுவானத்தில் எழும் கோள் நம்மை விநாடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது. ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கி.மீ. ஆகவே 12 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் 2,80,000 ஹெர்ட்ஸ் கூடித் தெரியும். கோள் விலகிச் செல்லும்போது அதே அளவு குறைந்து தெரியும். இடையில் மிக அருகே வரும் கணத்தில் மாற்றம் எதுவும் இராது. அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டால் கோள் எப்போது நம்மைக் கடந்தது என்று தெரியும். அதிர்வெண் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்த்தால் எவ்வளவு தொலைவில் கடந்தது என்று தெரியும். அருகே கடந்தால் இறக்கம் செங்குத்தாக இருக்கும். தொலைவில் கடந்தால் சரிவாக இருக்கும்.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு முதல் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகப் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இரு இளம் விஞ்ஞானிகள் அதன் ‘பீப் பீப்’ ஒலியைப் பதிவு செய்தார்கள். ஒரே இடத்தில் இருந்துகொண்டு, இந்த அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே கொண்டு, ஸ்புட்னிக்கின் முழுப் பாதையையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

1958 மார்ச்சில் அவர்களுடைய மூத்த சகாவான ஃபிராங்க் மெக்ளூர் ஒரு கேள்வி கேட்டார். நாம் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் இடத்தைக் காணலாம் என்கிறீர்கள்; கோளின் இடம் தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தைக் காண முடியுமா? முடியும் என்று கணக்கு காட்டியது. அதிலிருந்து பிறந்ததே கப்பல்களுக்கு இடம் காட்டிய ‘டிரான்சிட்’ கோள்வரிசை. இதில் முதல் வெற்றிகரமான கோள் 1960 ஏப்ரலில் பறந்தது.

2021ஆம் ஆண்டில் இந்தக் கதை புதிய உருவில் நடந்தது. அமெரிக்கப் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் ஆறு ஸ்டார்லிங்க் கோள்களின் அலைகளைப் பிடித்து, தங்கள் ஆன்டெனா இருக்கும் இடத்தை 8 மீட்டருக்குள் சரியாகக் கணித்தார்கள். கோள்கள் அனுப்பும் செய்தியை அவர்கள் படிக்கவே இல்லை. அலையின் ஏற்ற இறக்கமே போதுமானதாக இருந்தது.

கணிப்பு ஏன் பழையதாகிறது?

கோளின் பாதையைக் குறிக்க ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீள்வட்டமானது, எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் நோக்கியது, பூமிக்கு மிக அருகே வரும் இடம் எது, குறித்த நேரத்தில் கோள் பாதையில் எங்கே இருந்தது என்பவை அவை. இவற்றை இரண்டே வரிகளில், வரிக்கு 69 எழுத்திடங்களில் அடக்கி எழுதும் வழக்கம் துளை அட்டைக் கணிப்பொறிகளின் காலத்திலிருந்து வந்தது. இந்த இரு வரிகளைக் கொண்டு எவரும் கோளின் வருகையைக் கணிக்கலாம். ஆனால் அந்தக் கணிப்பு நாள்பட நாள்படப் பிழையாகிவிடும்.

காரணம் காற்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அது கோளைத் தடுக்கிறது. தடுத்தால் கோள் தாமதமாகத்தானே வர வேண்டும்? இல்லை, முன்னதாகவே வருகிறது! தடையால் கோள் ஆற்றலை இழந்து சற்றுத் தாழ்ந்த பாதைக்கு இறங்குகிறது. தாழ்ந்த பாதை சுற்றளவில் சிறியது. அங்கே வேகமும் அதிகம். 550 கி.மீ. உயரத்திலிருந்து ஒரே ஒரு கிலோமீட்டர் இறங்கினாலும், ஒரு நாளில் அது 18 விநாடிக்கு மேல் முந்திவிடும். 140 கி.மீ. முன்னே போய்விடும்.

இந்தக் காற்று என்றும் ஒரே அளவாக இருப்பதில்லை. சூரியனில் கொந்தளிப்பு ஏற்பட்டுப் பூமியில் காந்தப் புயல் வீசும்போது மேல் வளிமண்டலம் சூடேறிப் புடைக்கிறது. 2022 பிப்ரவரி 3ஆம் நாள் 49 ஸ்டார்லிங்க் கோள்கள் ஏவப்பட்டு, முதற்கட்டமாக 210 கி.மீ. வரை தாழ்ந்த ஒரு பாதையில் விடப்பட்டன. மறுநாள் காந்தப் புயல் வந்தது. முந்தைய ஏவுதல்களில் கண்டதைவிடக் காற்றுத் தடை 50 சதவீதம் வரை கூடியது. தடையைக் குறைக்க, காகிதத்தை விளிம்பு முன்னாகப் பறக்கவிடுவதுபோல் கோள்களைத் திருப்பிப் பார்த்தார்கள். பயனில்லை. ஏறத்தாழ 40 கோள்கள் மேலே ஏற முடியாமல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன.

584 மீட்டர்

துல்லியமாகப் பின்தொடர்வது இணையத் தொடர்புக்கு மட்டும் தேவைப்படுவதன்று. 2009 பிப்ரவரி 10ஆம் நாள் நடந்ததைப் பாருங்கள். தொலைபேசித் தொடர்புக்கான ‘இரிடியம் 33’ என்ற கோளும், செயலற்றுப்போன ‘காஸ்மாஸ் 2251’ என்ற ரஷ்யக் கோளும் சைபீரியாவுக்கு மேல் 790 கி.மீ. உயரத்தில் ஒன்றையொன்று நெருங்கின. வெளியிடப்பட்டிருந்த இரு வரி எண்களைக் கொண்டு செய்த கணிப்பு, அவை 584 மீட்டர் இடைவெளியில் கடந்து செல்லும் என்றது. ஆனால் அந்த எண்களிலேயே ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கக்கூடும். கோள்கள் இரண்டும் விநாடிக்கு 11 கி.மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மோதிச் சிதறின. பின்தொடரக்கூடிய அளவில் மட்டும் 2,000-க்கு அதிகமான துண்டுகள் உண்டாயின. அவை ஒவ்வொன்றும் மற்றக் கோள்களுக்குப் பகை.

இதன் பிறகு கண்காணிப்பு பெருகியது. 2020இல் பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் தீவில் ஆற்றல் மிக்க ரேடார் ஒன்று பணி தொடங்கியது. 2022இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதற்கெனப் பெங்களூரில் ஒரு தனி மையத்தைத் திறந்தது. இணையக் கோள்களிலும் ஜி.பி.எஸ். கருவிகள் பொருத்தப்பட்டு, கோள் தன் இடத்தைத் தானே அளந்து சொல்கிறது. ஆபத்து நெருங்கினால் எஞ்சினை இயக்கி விலகுகிறது. ஆனால் அப்படி விலகும் ஒவ்வொரு முறையும் பழைய கணிப்பு பொய்த்துவிடும். அது எங்கே சென்றது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பர் 2ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், தன் ‘ஈயோலஸ்’ கோள் ஒரு ஸ்டார்லிங்க் கோளுடன் மோதாதிருக்கும்படி அதை மேலே உயர்த்த வேண்டியிருந்தது. வானம் பரந்ததுதான். என்றாலும் அங்கே ஓடுபவர்கள் ஒருவருக்கொருவர் வழியைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் இடம் போதாது.

நீங்களும் அளந்து பாருங்கள்

செயற்கைக் கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளி அதன்மேல் பட்டு நம்மை அடைகிறது. நமக்கு இருட்டிவிட்ட பிறகும் 550 கி.மீ. உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 23 பாகை இறங்கும் வரை உச்சியில் உள்ள கோள் ஒளிரும். நம் பகுதியில் இது சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். விடியலுக்கு முன்னும் அப்படியே.

பணிப்பாதையை அடைந்த இணையக் கோள்கள் மங்கலாகவே தெரியும். புதிதாக ஏவப்பட்ட வரிசையோ, சர்வதேச விண்வெளி நிலையமோ எளிதில் கண்ணுக்குப் புலப்படும். மின்னாமல், சீராக நகரும் புள்ளியைத் தேடுங்கள். மின்னிமின்னிச் சென்றால் அது பெரும்பாலும் விமானமாக இருக்கும். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. உச்சியைக் கடக்கும் கோள் ஒரு முட்டி அகலத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளந்துகொள்ளுங்கள். அந்த விநாடிகளை 43.5-ஆல் பெருக்கினால் கோளின் உயரம் கிலோமீட்டரில் கிடைக்கும். (10 பாகை என்பது 0.1745 ரேடியன். 7.6-ஐ அதனால் வகுத்தால் 43.5 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

பத்து விநாடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் உயரம் 400 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அது விண்வெளி நிலையமாக இருக்கலாம். பதின்மூன்று விநாடி ஆனால் ஏறத்தாழ 565 கிலோமீட்டர். ஒரு முறை அளந்தால் பிழை அதிகமாக இருக்கும். நண்பர்கள் நால்வர் தனித்தனியே அளந்து சராசரி எடுங்கள். நாள், நேரம், திசை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த நாளும் பாருங்கள். எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ வந்தது என்று ஒப்பிட்டால், அதன் அடுத்த வருகையை நீங்களே கணிக்கத் தொடங்கிவிடலாம்.